நான்காம் நாள் காலை 5.8

எடை இன்னும் குறையவில்லை.
சொல்லப்போனால், ஏற்றிய சலைனையும் சேர்த்து
ஒரு கிலோ கூடியிருந்தேன்.
நான்காம் நாள் விடியலில்
தாதி நூர்ஹயாத்தி என் மோதிர விரலைக் குத்தினாள்.
கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
நடுவிரலையும் குத்தினாள்.
5.8.
பதினொரு வருடமாக அந்த எண்ணை
அடுத்தவர் தாளில்தான் பார்த்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து நாத்தனார் கேட்கிறாள்:
"நூறா, நூத்தம்பதா?"
இங்கே கணக்கு வேறு, பதினெட்டால் பெருக்கு என்கிறேன்.
பெருக்குகிறாள். சத்தமில்லை.
பிறகு, "வெட்டினது வயித்தையா, வியாதியையா?"

டாக்டர் கோவிடம் நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.
கைதுடைக்கும் தாளில் வரைந்து காட்டினார்:
முட்டையளவில் ஒரு பை,
அதிலிருந்து கீழ்க்குடலுக்குக் குறுக்குவழி.
மிச்ச வயிறு அங்கேயே கிடக்கும், உணவைப் பார்க்காமல்.
"கப்பல் வராத துறை" என்றேன்.
பாசிர் பாஞ்சாங்கில் பதினாறு வருடம்
பாரந்தூக்கி ஓட்டியவளுக்கு
வேறென்ன தோன்றும்.

இறக்க இடமில்லாமல்
கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் நிற்குமே கப்பல்கள்,
இரவில் இன்னொரு ஊர் போல விளக்கெரிய,
அப்படித்தான் நின்றது என் ரத்தத்தில் சர்க்கரை.
கரையில் ஒவ்வொரு செல்லும் பட்டினி.
இன்சுலின் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது;
கேட்டுக் கேட்டுக் காது மரத்த கதவுகள்.
ஈரல் முற்றம் முழுக்கக் கொழுப்புப் பெட்டிகள்,
ஒன்றை நகர்த்த நாலை நகர்த்தணும்.

மருத்துவமனைத் துண்டுத்தாளின் தமிழில்
இழைமணி என்றொரு சொல்.
செல்லுக்குள்ளே அடுப்பெரிக்கிற இடமாம்.
இழை, மணி. கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல.
என்னுடையவை புகைந்துகொண்டிருந்திருக்கின்றன,
ஈர விறகு திணித்த அடுப்பாக.
இனி மெல்லத் தெளியலாம் என்கிறார்கள்.
மாதங்கள் ஆகும். எல்லோருக்கும் ஆகாது.

ஆனால் அந்த நான்காம் நாள்?
கீழ்க்குடலை உணவு சீக்கிரம் தொட்டதும்
அது கணையத்துக்கு ஏதோ சொல்லி அனுப்புகிறதாம்.
இத்தனை வருடம் அந்தக் குடலிடம்
யாரும் பேசியதே இல்லை.
காரணம் அது மட்டுமா என்றால்
டாக்டரே தோளைக் குலுக்குகிறார்.
"குணம்" என்று எழுதவும் மாட்டார்.
தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.
மழையைச் சொல்வது போல.

வீட்டுக்கு வந்தேன்.
அறுபது மில்லி கோப்பையில்
அரைமணி நேரமாக ஒரு சூப்பு.
கீழே கோப்பிக் கடையில் "ஆன்ட்டி, கோப்பி ஓ கோசோங்?"
என்று கை தூக்குகிறவருக்கு
இன்னும் இல்லை என்று தலையாட்டுகிறேன்.

இரவு ஒன்பது.
குளிர்பெட்டியின் கதவில் இரண்டு பேனா இருக்கும்,
நீலம் தவசீலனுக்கு, ஆரஞ்சு எனக்கு.
சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து
சட்டையைத் தூக்கிக்கொள்வோம்.
திருமண ஆல்பத்தில் இல்லாத சடங்கு.

அவர் ஒல்லி. எப்போதும் ஒல்லி.
அவருக்கு இந்த வழி கிடையாது என்றுவிட்டார்கள்.
ஊர் சொன்ன கணக்கு நினைவிருக்கிறது:
அவருடையது வேலைக் கவலையால் வந்தது,
என்னுடையது வாயால் வந்தது.
ஒரே வியாதி, ஒரே குளிர்பெட்டி.
குற்றம் மட்டும் என் இடுப்பில்.

இன்று அவர் நீலத்தை எடுத்துக்கொண்டு
சமையலறைக்குள் போனார்,
சிகரெட்டை மறைக்கிற பையனாட்டம்
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.
"எனக்கென்ன, கூச்சமா?" என்றேன்.
"உனக்குத்தான் முடிஞ்சுபோச்சே" என்றார்.
குரலில் பொறாமை இல்லை.
இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தையல் இழுக்க எழுந்து போய்
பேனாவை வாங்கிக்கொண்டேன்.
பதினான்கு யூனிட்.
குத்தியபின் பத்து வரை எண்ண வேண்டும்.
ஏழில் நிறுத்திவிடுவார், என்றைக்கும்.

எட்டு, என்றேன்.
ஒன்பது.